ஓத அட்டவணையை முதலில் விரியுங்கள்: தனியே செல்லும் கரையோரப் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

கடற்கரையை ஒட்டித் தனியாகக் கார் ஓட்டிச் சென்று, வழியில் சீல்களையும் திமிங்கிலங்களையும் கடற்பறவைகளையும் கண்டு, இடையிடையே ஆளரவமற்ற பாதைகளில் நடந்து திரும்ப விரும்புகிறவர் பெரும்பாலும் சாலை வரைபடத்திலிருந்துதான் திட்டமிடத் தொடங்குகிறார். இன்றைக்கு இத்தனை கிலோமீட்டர், நாளைக்கு இத்தனை என்று வகுத்துக்கொண்டு, ஓர் இடத்தை அடைந்த பிறகே அங்கே என்ன பார்க்கலாம் என்று தேடுகிறார். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரை சொல்லவருவது. கரையோரத்தில் எந்த உயிரினம் எப்போது கண்ணில் படும், எந்த மணல்வெளியை எத்தனை மணிக்குக் கடக்கலாம், இரவில் எங்கே படுக்கலாம் என்பவற்றில் பெரும்பகுதியைக் கடல்நீரின் ஏற்றமும் வற்றமும்தான் முடிவுசெய்கின்றன. ஆகவே முதலில் அவற்றின் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையை விரித்து, அதற்குள் நடையைப் பொருத்தி, எஞ்சும் நேரத்தில் கார் ஓட்டுங்கள்.

ஓதத்தைப் படித்தல்

பெரும்பாலான கரைகளில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி, இருமுறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் கழிவதால், இன்று காலை 6 மணிக்கு வரும் வற்றம் நாளை 6.50 அளவில் வரும். ஒரு வாரத்தில் நண்பகலை எட்டிவிடும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிக உயர்ந்தும் வற்றம் மிகத் தாழ்ந்தும் இருக்கும். அரைநிலா நாட்களில் இந்த வேறுபாடு சுருங்கிவிடும். பலரும் கவனிக்கத் தவறும் ஒரு வசதி இதில் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு கரையில் அமாவாசை, பௌர்ணமிக் காலப் பெருவற்றங்கள் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. நீங்கள் போகும் கரையில் அது விடியற்காலையா, நண்பகலா என்பதை ஒருமுறை அறிந்துகொண்டால், எந்த வாரத்தில் பயணத்தை வைப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். வட அமெரிக்காவின் பசிபிக் கரையைப் போன்ற சில கரைகளில் ஒரே நாளின் இரு வற்றங்களும் சமமாக இருப்பதில்லை. வாஷிங்டன், ஓரிகன் பகுதிகளில் மிகத் தாழ்ந்த வற்றங்கள் கோடையில் பகலிலும் குளிர்காலத்தில் இரவிலும் விழுகின்றன. வற்றத்தில் பாறைகளிடையே கடல்நீர் தேங்கி நிற்கும் பாறைக்குட்டைகளைப் பார்க்க அங்கே கோடையில் போகவேண்டும் என்பதற்கு வெயிலைவிட இதுதான் வலுவான காரணம்.

நீர் ஒரே சீராக ஏறுவதில்லை என்பது அடுத்துத் தெரிந்திருக்க வேண்டியது. ஆறு மணி நேர ஏற்றத்தில், முதல் மணியில் மொத்த உயரத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கும், இரண்டாம் மணியில் இரண்டு பங்கும், மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கும், பிறகு இரண்டும் ஒன்றுமாக நீர் உயரும் என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதி உயரம் ஏறிவிடுகிறது என்பது இதன் பொருள். வற்றம் முடிந்த முதல் ஒரு மணி நேரத்தில் கடல் அசையவே இல்லை என்று தோன்றும்; அந்தத் தோற்றத்தை நம்பிப் பாறைகளுக்கிடையே தங்கிவிடுகிறவர் அடுத்த இரண்டு மணி நேரத்தில் திரும்பும் வழியை இழக்கிறார். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 16 மீட்டர் வரை வேறுபாடு காணும் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் இது நடக்கும் வேகத்தைச் சொல்லவே வேண்டாம்.

அட்டவணையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அது உங்களுக்கு மிக அருகிலுள்ள அளவீட்டு நிலையத்துக்கு உரியதா, அதிலுள்ள நேரம் அந்த இடத்துக்குரிய நேரமா, கோடைக்காலக் கடிகார மாற்றம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரப் பிழை, கடலுக்குள் நீளும் ஒரு நிலமுனையைக் கடப்பதற்கும் அதில் சிக்கிக்கொள்வதற்கும் உள்ள இடைவெளி. மேலும், அட்டவணை நிலவையும் சூரியனையும் மட்டுமே கணக்கிடுகிறது, வானிலையைக் கணக்கிடுவதில்லை. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். அத்துடன் கரையை நோக்கி வீசும் காற்றும் சேர்ந்துகொண்டால், அட்டவணை காட்டும் வற்றம் வற்றமாகவே இராது.

சாலையை அதற்குள் பொருத்துதல்

இரண்டு வாரங்களுக்கு மேல் விடுப்பு இருந்தால், பெருவற்றம் வரும் வாரத்தைப் பாறைக்குட்டைகளுக்கும் கரையோர நடைக்கும் ஒதுக்கிவிட்டு, அரைநிலா வாரத்தில் நீண்ட தூரம் ஓட்டுவதையும் உள்நிலக் காட்டுப்பாதைகளையும் வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளுக்குள்ளும் இதே முறையில் வேலையைப் பங்கிடலாம். காலையில் வற்றம் என்றால் காலையில் நடை, வெளிச்சம் கூசும் நண்பகலில் கார், மாலை ஏற்றத்தில் கழிமுகத்தின் ஓரத்தில் பறவைகள். வளைவுகள் நிறைந்த கரையோரச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் சராசரி கிடைத்தாலே நல்லது என்று கொண்டு, ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாமல் இருப்பது நலம். தனியாக ஓட்டுகிறவருக்கு வழி சொல்லவும் கண் சொக்கும்போது பேச்சுக்கொடுக்கவும் ஆள் இல்லை. அந்தியிலும் விடியலிலும் மான், கங்காரு போன்றவை சாலையைக் கடப்பது மிகுதி என்பதால், அந்த நேரங்களில் கார் நின்றிருப்பதே மேல். விலங்குகளைக் காண்பதற்கும் அவைதானே நல்ல நேரங்கள்.

எந்தத் திசையில் ஓட்டுவது என்பதும் சிறிய செய்தியன்று. கடல் உங்கள் தடத்தின் பக்கமாக வரும்படி திசையைத் தேர்ந்துகொள்ளுங்கள்: இடப்புறம் ஓட்டும் நாட்டில் கடல் இடப்புறமும், வலப்புறம் ஓட்டும் நாட்டில் வலப்புறமும் இருக்கட்டும். கடலில் ஏதோ அசைவது தெரிந்தவுடன், எதிரே வரும் வண்டிகளைக் குறுக்காகக் கடக்காமல் ஒதுங்குமிடத்தில் நிறுத்திவிடலாம். கலிபோர்னியாவின் முதலாம் எண் நெடுஞ்சாலையில் பலரும் வடக்கிலிருந்து தெற்காகச் செல்வதற்கு இதுவே காரணம். வெளிச்சத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். மேற்குக் கரையில் காலைச் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னிருந்து கடலை ஒளியூட்டும். மாலையில் அதே கடல் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளித்தகடாக மாறும். கிழக்குக் கரையில் இது நேர்மாறு. சூரிய மறைவைப் பார்க்க மேற்குக் கரையில் கூட்டம் கூடும் நேரம் விலங்குகளைப் பார்ப்பதற்கு ஏறக்குறைய உதவாத நேரம்.

மலை நேராகக் கடலுக்குள் இறங்கும் கரைகளில் நிலச்சரிவு அரிய நிகழ்வன்று. கலிபோர்னியாவின் பிக் சர் பகுதியில் 2017 மே மாதம் ஏற்பட்ட பெருஞ்சரிவு அதே முதலாம் எண் நெடுஞ்சாலையை ஓராண்டுக்கும் மேல் துண்டித்துவிட்டது. 2018 ஜூலையில்தான் பாதை மீண்டும் திறந்தது. அன்றன்று காலையில் சாலை நிலவரத்தைப் பார்ப்பதையும், எரிபொருள் பாதியாகக் குறைந்ததும் நிரப்பிக்கொள்வதையும், வரைபடங்களை இணையம் இல்லாமலே திறக்கும்படி முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எதை, எப்போது

உயிரினங்களின் நாட்காட்டி சாலையின் நாட்காட்டியோடு ஒத்துப்போவதில்லை. சாம்பல் திமிங்கிலங்கள் ஆர்க்டிக் கடல்களுக்கும் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா காயல்களுக்கும் இடையே ஆண்டுதோறும் போய்வரும் தொலைவு 16,000 கிலோமீட்டருக்குக் குறையாது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் தெற்கு நோக்கிச் செல்லும் அவை பிப்ரவரியிலிருந்து வடக்கே திரும்புகின்றன. கன்றுகளோடு வரும் தாய்கள் கடைசியில், ஏப்ரல், மே மாதங்களில், கரைக்கு மிக நெருக்கமாகக் கடந்து செல்கின்றன. தென்னாப்பிரிக்காவின் ஹெர்மானஸில் ஜூன் முதல் நவம்பர் வரை தெற்கத்தி ரைட் திமிங்கிலங்களைப் பாறைமேட்டு நடைபாதையிலிருந்தே பார்க்க முடியும். அட்லாண்டிக் பஃபின்கள் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரைதான் நிலத்தில் இருக்கும்; எஞ்சிய மாதங்களை நடுக்கடலில் கழிக்கும் அந்தப் பறவைக்காக அக்டோபரில் ஐஸ்லாந்துக்குப் போனால் வெறும் பாறைதான் மிஞ்சும்.

கடல்யானைகள் எனப்படும் பெருஞ்சீல்களின் கதை சற்று வேறு. வேட்டையால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நூறுக்கும் குறைவாக எஞ்சியிருந்த வடபுலக் கடல்யானைகள் பாதுகாப்புக்குப் பின் பெருகி, 1990இல் கலிபோர்னியாவின் பியெட்ராஸ் பிளாங்காஸ் கரையில் ஒதுங்கத் தொடங்கின. நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே அமைந்த அந்தக் கரையில் இப்போது ஆண்டின் பெரும்பகுதியில் ஏதேனும் ஒரு கூட்டம் கிடக்கிறது. குளிர்காலத்தில் அவை குட்டி ஈனவும் இணைசேரவும் வருகின்றன, வசந்தத்திலும் கோடையிலும் தோலுரிக்க வருகின்றன. சுருள் சுருளாகத் தோல் உரிந்து, அசையாமல், கண்களில் நீர் வழியக் கிடக்கும் விலங்கைப் பார்க்கிற புதியவர் அது நோயுற்றிருப்பதாக எண்ணிக்கொள்வார். அது ஆண்டுதோறும் நடக்கும் இயல்பான தோலுரிப்பு. போகும் முன் அந்த உயிரினத்தின் ஆண்டுச் சுழற்சியைப் படித்துக்கொண்டு போவது இப்படிப்பட்ட வீண் பதற்றங்களைத் தவிர்க்கும்.

மாதத்தைத் தேர்ந்த பின் மணியைத் தேர வேண்டும். கரைப்பறவைகள் வற்றத்தின்போது பரந்த சேற்றுப்பரப்பில் சிதறிப் புள்ளிகளாகத் தெரியும். நீர் ஏற ஏற அவை கரையை நோக்கித் தள்ளப்படுகின்றன. ஆகவே ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் அமர்ந்துவிட்டால், நீங்கள் அவற்றைத் தேடிப் போக வேண்டாம், அவையே உங்களை நோக்கி வரும். பல வகைச் சீல்கள் வற்றத்தில் வெளிப்படும் பாறைகளில் ஏறிக் கிடப்பதால் அவற்றுக்கு வற்றமே பொழுது. பாறைக்குட்டைகளுக்கு வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இறங்கி, பின்வாங்கும் நீரைத் தொடர்ந்து சென்று, அது திரும்பும்போது நீங்களும் திரும்பிவிட வேண்டும். திமிங்கிலங்களுக்கு ஓதம் ஒரு பொருட்டன்று. உயரமான முனையும், அலைநுரை இல்லாத அமைதியான கடலும், மெல்லிய மேகமூட்டமும்தான் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். முதலில் வெறுங்கண்ணால் தொடுவானத்துக்குக் கீழே மெதுவாகத் துழாவி, புகைபோல் எழும் மூச்சைக் கண்ட பிறகே இருகண்நோக்கியைத் தூக்குங்கள். சாம்பல் திமிங்கிலம் பெரும்பாலும் அரை நிமிட இடைவெளியில் மூன்று முதல் ஐந்து முறை மூச்சுவிட்டு, வாலை உயர்த்தி மூழ்கி, மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்குப் பின் மீண்டும் எழும். அது செல்லும் திசையில் சற்று முன்னால் நோக்கியைத் திருப்பிக் காத்திருப்பதே வழி.

காரே மறைவிடம்

தனியாகப் போகிறவருக்குக் கார் வெறும் வண்டியன்று. நடந்து வரும் மனித உருவத்தைக் கண்டு எழுந்து பறக்கும் பறவைகள் பல, நின்றிருக்கும் காரைப் பொருட்படுத்துவதில்லை. இயந்திரத்தை அணைத்து, கண்ணாடியைப் பாதி இறக்கி, அதன் விளிம்பில் மணலோ பயறோ நிரப்பிய சிறு பையை வைத்து அதன்மேல் நோக்கியைச் சாய்த்துக்கொண்டால், முக்காலிக்கு நிகரான நிலைத்தன்மை கிடைக்கும். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் அதிர்வு படத்தைக் கெடுக்கும், முன்மூடியிலிருந்து எழும் வெப்பக்காற்று பார்வையைக் குலைக்கும். பத்து நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடுவதைவிட, ஒரே இடத்தில் ஒன்றரை மணி நேரம் இருப்பவர் அதிகம் காண்கிறார் என்பது என் உறுதியான கருத்து. கூட வந்தவர் பொறுமையிழக்கிறாரே என்ற கவலை இல்லாமல் அப்படி இருக்க முடிவதுதான் தனிப்பயணத்தின் முதன்மையான ஆதாயம்.

இருகண்நோக்கியில் 8 × 42, அதாவது எட்டு மடங்கு உருப்பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகப்பு ஆடியும், போதும். பத்து மடங்கு உருப்பெருக்கம் கவர்ச்சியாகத் தோன்றினாலும், காற்று வீசும் பாறைமுனையில் கை நடுக்கத்தையும் அது பத்து மடங்காக்குகிறது. அந்தி வெளிச்சத்தில் எட்டு மடங்கு நோக்கியே பிரகாசமான படத்தைத் தரும். உப்புத்தூசி படிந்த ஆடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும் என்பதால், நன்னீர் தெளித்துக் கழுவிய பிறகே துடைக்க வேண்டும்.

எவ்வளவு தள்ளி நிற்பது

இதற்கு நாட்டுக்கு நாடு விதி வேறுபடுகிறது. அமெரிக்காவில் பொதுவாகத் திமிங்கிலங்களிடமிருந்து 100 கெஜமும், அதாவது ஏறத்தாழ 91 மீட்டரும், சீல்களிடமிருந்து 50 கெஜமும் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். நியூசிலாந்தில் சீல்களுக்கு 20 மீட்டர். உள்ளூர் விதியை அறிந்துகொள்வது கடமை என்றாலும், எண்ணைவிட விலங்கின் நடத்தையே நம்பத்தக்க அளவுகோல். கிடந்த சீல் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள்; அது நீரை நோக்கி நகரத் தொடங்கிவிட்டால் அதன் ஓய்வை நீங்கள் பறித்துவிட்டீர்கள். கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தும்போது விரல் விலங்கை முழுதாக மறைத்தால் தொலைவு போதும் என்பது எளிய சோதனை. அசையாக் கல்லைப்போல் கிடக்கும் ஆண் கடல்யானை 2 டன் எடை கொண்டது. குறுகிய தூரத்துக்கு அது மணலில் விரையும் வேகம் பார்த்தவர்களை வியக்கவைக்கும்.

விலங்குக்கும் கடலுக்கும் இடையே ஒருபோதும் நிற்காதீர்கள். நியூசிலாந்தின் மஞ்சட்கண் பெங்குயின்கள் கடற்கரையில் ஓர் ஆள் நிற்பதைக் கண்டால் கரையேறாமல் நீரிலேயே காத்திருக்கும். அந்தத் தாமதம் கூட்டில் பசித்திருக்கும் குஞ்சுக்கு இரை கிடைக்காத இரவாக முடியலாம். கடற்கரையில் தனியாகக் கிடக்கும் சீல் குட்டி பெரும்பாலும் கைவிடப்பட்ட குட்டியன்று; தாய் இரைதேடப் போயிருக்கிறது, மனிதர் அருகில் நின்றால் திரும்பி வரத் தயங்குகிறது. அதை நீரில் தள்ளுவதோ போர்வையால் மூடுவதோ உதவியாகாது. காயம் தெரிந்தால் தள்ளிநின்று இடத்தைக் குறித்துக்கொண்டு, அப்பகுதியின் வனவிலங்கு மீட்பு அமைப்புக்குச் சொல்லுங்கள். இறந்து கிடப்பவற்றையும் தொடக்கூடாது. 2023இல் அர்ஜென்டினாவின் வால்தெஸ் தீபகற்பத்தில் பறவைக் காய்ச்சல் பரவி, 17,000க்கும் மேற்பட்ட கடல்யானைக் குட்டிகள் மடிந்தன. அந்தக் கிருமி காலணியின் அடியில் ஒட்டிக்கொண்டு அடுத்த கரைக்கும் பயணம் செய்யக்கூடும்.

உப்புக்கொத்திகளும் ஆலாக்களும் வெறும் மணலில் சிறு குழி பறித்து, மணலின் நிறத்திலேயே முட்டையிடுகின்றன. மிதித்த பிறகும் மிதித்தது தெரியாத அளவுக்கு அவை மணலோடு கலந்திருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஈரமணலில் மட்டுமே நடப்பதும், இறக்கை முறிந்ததுபோல் நடித்தபடி உங்கள் முன்னே ஓடும் பறவையைக் கண்டால் வந்த வழியே திரும்புவதும் இதனால்தான். பஃபின் குடியிருப்புகளில் ஆபத்து இருபக்கமும் உண்டு. வளைகளால் குடையப்பட்ட புல்தரை உங்கள் எடையில் சரிந்தால் கீழே கூடு நசுங்கும். 441 மீட்டர் வரை உயரும் ஐஸ்லாந்தின் லாட்ராபியார்க் போன்ற பாறையின் விளிம்பில் சரிந்தால் நீங்களே விழுவீர்கள். அங்கே விளிம்பை அணுகுகிறவர் குப்புறப் படுத்துத் தவழ்ந்துதான் எட்டிப்பார்க்க வேண்டும். ஆமை கரையேறும் இரவுகளில் வெண்ணிற விளக்கும் படக்கருவியின் பளிச்சொளியும் கூடாது. குஞ்சுகள் வெளிச்சமான தொடுவானத்தையே கடல் என்று நம்பி நடக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் போல்டர்ஸ் கரையில், காரை எடுக்கும் முன் அடியில் பெங்குயின் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் பலகை வைத்திருக்கிறார்கள். வேடிக்கையான அறிவிப்பாகத் தோன்றினாலும், எந்தக் கரையிலும் வண்டியைக் கிளப்பும் முன் ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

கரையோரமாக நடத்தல்

1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த கணக்கின்படி, மணிக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்து, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். நல்ல பாதைக்கு இது பொருந்தும். பொதிமணலிலும், காலடியில் உருளும் கூழாங்கற்களிலும், பாசி படர்ந்த பாறைகளிலும் மணிக்கு 2 கிலோமீட்டரே பெரிது. சாலை அமைக்க முடியாத அளவுக்கு மலை செங்குத்தாகக் கடலில் இறங்குவதால் நெடுஞ்சாலை உள்நிலத்துக்கு விலகிச் செல்லும் வட கலிபோர்னியாவின் ‘லாஸ்ட் கோஸ்ட்’ பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நடையில், ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளமுள்ள இரு பகுதிகள் ஏற்றத்தின்போது நீரில் மூழ்கிவிடுகின்றன; ஒருபுறம் செங்குத்து மலை, மறுபுறம் அலை. அத்தகைய பகுதிக்குள் நீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே நுழைய வேண்டும். வற்றம் முடிந்து நீர் ஏறத் தொடங்குவதற்குள் மறுமுனையில் இருக்கும்படி கணக்கிட வேண்டும். கணக்கு இடறினால் நுழையாமல் அடுத்த வற்றம் வரை காத்திருக்க வேண்டும். வாஷிங்டனின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் சில முனைகளை எந்த ஓதத்திலும் கரையோரமாகச் சுற்ற முடியாது. அங்கே மரத்தில் தொங்கும் சிவப்பும் கறுப்புமான வட்டப் பலகை, கயிற்றையோ ஏணியையோ பிடித்து மேலேறிக் காட்டுவழியாகக் கடக்கும் இடத்தைக் காட்டும். பலகையைத் தவறவிட்டு முனையைச் சுற்ற முயல்வதுதான் அங்கே நேரும் பொதுவான பிழை.

அலைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஐஸ்லாந்தின் ரெய்னிஸ்ஃபியாராவிலும் ஓரிகன் கரையிலும், பல நிமிடங்கள் அமைதியாக இருந்த கடல் திடீரென ஒரே அலையில் மணல்வெளி முழுவதையும் விழுங்கி மனிதரை இழுத்துச் செல்கிறது. இரண்டு அலைகளுக்கு இடையே 15 விநாடிகளுக்கு மேல் இடைவெளி உள்ள பேரலைகள் முன்னறிவிக்கப்பட்ட நாளில் இந்த ஆபத்து கூடுகிறது. கரையில் இறங்கும் முன் கால் மணி நேரமாவது மேட்டிலிருந்து கடலைப் பார்த்து, நீர் எட்டிய மிக உயர்ந்த ஈரக்கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். கரையொதுங்கிய பெருமரங்களின்மேல் ஏறி நிற்பதும் உட்காருவதும் ஆபத்து. சில சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரே டன் கணக்கில் எடையுள்ள மரத்தை மிதக்கவைத்து உருட்டிவிடும்.

ஓடைகள் கடலில் கலக்கும் இடங்களை வற்றத்தின்போது, முடிந்தால் மழைக்கு முன்பு கடந்துவிடுங்கள். கடக்கையில் முதுகுப்பையின் இடுப்புவாரை அவிழ்த்துவிட்டால், விழுந்தாலும் பையை உதறிவிட்டு எழலாம். குடிநீரை முகத்துவாரத்தில் எடுக்காமல் மேலே நடந்து உப்பேறாத இடத்தில் எடுத்து, ஒரு நிமிடமாவது கொதிக்கவைக்க வேண்டும் அல்லது வடிகட்ட வேண்டும். மழைக்காடுகளின் ஓடைநீர் இலைச்சாற்றால் தேநீர் நிறத்தில் இருப்பது இயல்பு. நிறத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம், தெளிவைக் கண்டு மயங்கவும் வேண்டாம்.

ஒருமுனையில் தொடங்கி மறுமுனையில் முடியும் பாதை தனியாளுக்குத் தலைவலி, ஏனெனில் கார் தொடக்கத்திலேயே நின்றுவிடும். காரை முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு, வாடகை வண்டியிலோ நடைபயணிகளுக்கான ஊர்தியிலோ தொடக்கத்துக்குப் போய், காரை நோக்கி நடந்து வருவதே தீர்வு. ஊர்திக்காரர் காத்திருக்கிறாரே என்று அலைக்கு முன் அவசரப்படும் நிலை அப்போது வராது. காரில் எந்தப் பொருளும் வெளியே தெரியாதிருக்கட்டும்; இரண்டாவது சாவி பையின் உள்ளறையில் இருக்கட்டும்.

இரவும் உணவும்

கூடாரத்தைக் கடற்பாசிக் குப்பை ஒதுங்கிய மிக உயர்ந்த கோட்டுக்கு மேலே அடிக்க வேண்டும். இரவில் வரும் ஏற்றம் பகலில் வந்ததைவிட உயரமாக இருக்கக்கூடும் என்பதால் அட்டவணையையும் பார்த்துக்கொள்ளுங்கள். வட ஆஸ்திரேலியாவில் உப்புநீர் முதலைகள் வாழும் நீர்நிலைகளிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளியே படுக்க வேண்டும், பகலிலும் நீர்விளிம்பிலிருந்து 5 மீட்டர் விலகியிருக்க வேண்டும். அலாஸ்காவின் காட்மாய் கரையில் பழுப்புக் கரடிகள் வற்றத்தின்போது சேற்றுப்பரப்பில் இறங்கிச் சிப்பிகளைத் தோண்டித் தின்கின்றன. வற்றத்தைக் கணக்கிட்டு வருபவர் நீங்கள் மட்டுமல்லர். கரடி வாழும் கரைகளில் உணவையும் பற்பசையையும் கடினமான பூட்டுக்கலத்தில் அடைத்து, சமைக்கும் இடத்தையும் கலத்தையும் கூடாரத்திலிருந்து குறைந்தது 100 கெஜம் தள்ளி வையுங்கள். ஒலிம்பிக் கரையில் அதே கலம் கரடியைவிட ரக்கூன்களுக்காகவே அதிகம் தேவைப்படுகிறது. கரடித்தெளிப்பானை விமானத்தில் கொண்டுசெல்ல முடியாது. போய்ச் சேர்ந்த இடத்தில் வாங்கி, பையின் உள்ளே அல்லாமல் கைக்கெட்டும் வாரில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

தனியாக இருப்பதற்கான ஏற்பாடு

கடுங்குளிரைவிட ஈரமும் காற்றும் சேர்ந்த மிதமான குளிரே கரையோரத்தில் அதிகத் தீங்கு செய்கிறது. நனைந்த பருத்தி உடை உடல்வெப்பத்தை உறிஞ்சிவிடும். பேச்சு குழறுவதையும் விரல்கள் முடிச்சிட மறுப்பதையும் சுட்டிக்காட்ட உடன் யாரும் இல்லை. ஆகவே ‘குளிர்கிறது’ என்ற முதல் எண்ணம் எழும்போதே நின்று உடைமாற்றி, எதையாவது தின்றுவிட வேண்டும். அதேபோல், எத்தனை மணி ஆனதும் எங்கிருந்தாலும் திரும்பிவிடுவது என்பதைக் காலையிலேயே எழுதி வைத்துவிடுங்கள். களைத்த பிற்பகலில் எடுக்கும் முடிவைவிடத் தெளிந்த காலையில் எடுத்த முடிவை நம்பலாம்.

கைபேசிச் சமிக்ஞை கிடைக்காத இடங்களுக்கு 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் அவசர அறிவிப்புக் கருவியோ செயற்கைக்கோள் செய்திக் கருவியோ தேவை. முன்னது மீட்புப் படைக்கு இடத்தை மட்டும் சொல்லும். பின்னதில் செய்தியும் அனுப்பலாம். செங்குத்துப் பாறையின் அடியில் வானம் பாதி மறைவதால் இரண்டுமே திணறக்கூடும் என்பதை மறவாதீர்கள். ஊதலும் வேண்டும்: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி ஒரு நிமிடம் நிறுத்துவது ஐரோப்பிய மலைகளின் அவசரக் குறி, வட அமெரிக்காவில் மும்மூன்றாக ஊதுவது வழக்கம்.

கருவிகளைவிடப் பயன்படுவது ஒரு தாள். கார் எண், நிறம், நிறுத்திய இடம், நடக்கும் பாதை, படுக்கும் இடங்கள், கூடாரத்தின் நிறம், திரும்பும் நாள், எத்தனை மணி வரை செய்தி வராவிட்டால் எந்த மீட்பு அலுவலகத்தை அழைப்பது என்பவற்றை எழுதி, பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த நேரத்தை வற்றத்தைப் பார்த்து வகுங்கள்: ஒரு முனையைக் கடக்கும் வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்த வற்றம் 12 மணி நேரம் தள்ளித்தான் வரும், இருட்டில் வந்தால் அதற்கும் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும் என்பதால், திரும்பும் நேரத்தோடு ஒரு முழு நாளைக் கூட்டிக் கொடுப்பது பொருத்தம். நடையை முடித்துக் கார்க்கதவைத் திறந்ததும், காலணியைக் கழற்றுவதற்கு முன்பே அவருக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள். அங்கே சமிக்ஞை இல்லையென்றால், சமிக்ஞை கிடைக்கும் முதல் ஒதுங்குமிடத்தில் நிறுத்தி அனுப்புங்கள்.